கத்தரித்த கதையும் ஊதிய கதையும்

ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் எழுத்தை வைத்து எச்பிஓ எடுத்த தொடர்களில் பெரியவை இரண்டு. 2011 ஏப்ரலில் தொடங்கி 2019 மே மாதம் முடிந்தது கேம் ஆஃப் த்ரோன்ஸ். அதன் முன்கதையான ஹவுஸ் ஆஃப் த டிராகன் 2022 ஆகஸ்டில் வந்தது. இரண்டில் எது நல்ல தொடர் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும், விடிய விடியச் சண்டை போடலாம். மூலக் கதையை எது ஒழுங்காகக் கையாண்டது என்பதுதான் என் கேள்வி. கதை முடிச்சுகளை அவிழ்க்காமல் இதைப் பேச முடியாது. பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

முதலில் மூலம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் கையில் இருந்தது தடித்தடியான நாவல்கள். 1996இல் முதல் நாவல், 2011இல் ஐந்தாவது. ஆறாவதுக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயமும் ஒரே ஒருவரின் மண்டைக்குள் உட்கார்ந்து நடக்கிறது. அந்த ஆள் பார்க்காததை நாமும் பார்க்க முடியாது. ஹவுஸ் ஆஃப் த டிராகனுக்குக் கிடைத்தது 2018இல் வந்த ஃபயர் அண்ட் பிளட். அது நாவலே கிடையாது. கில்டெய்ன் என்ற கற்பனை அறிஞர் எழுதிய வரலாற்று நூல் போன்ற பாவனை. நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆட்சிகள் ஒரே புத்தகத்தில் ஓடுகின்றன. ஒரே சம்பவத்தைத் துறவி யூஸ்டஸ் ஒருவிதமாகச் சொல்வார், அரசவை அறிஞர் மன்கன் வேறுவிதமாகச் சொல்வார், அரசவைக் கோமாளி மஷ்ரூம் ஆபாசம் கலந்து இன்னொரு விதமாகச் சொல்வான். சுவடிகளில் பாடபேதம் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த ருசி உடனே பிடிபடும்.

நிறைந்த நாவல் இருந்தால் வேலை சுலபம், மெலிந்த குறிப்பு இருந்தால் கஷ்டம் என்றுதான் தோன்றும். கேம் ஆஃப் த்ரோன்ஸின் முதல் நான்கு சீசன்களைப் புத்தகத்தோடு வைத்துப் பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

முதல் சீசனில் ராபர்ட் அரசனும் அரசி செர்சியும் ஒரு கோப்பை மதுவோடு தனியாக உட்கார்ந்து, பாழாய்ப்போன தங்கள் கல்யாணத்தைப் பற்றிப் பேசும் காட்சி நினைவிருக்கிறதா? நாவலில் அது கிடையாது, இருக்கவும் வழியில்லை. முதல் நாவலின் கதையைத் தாங்குவது எட்டுப் பேரின் பார்வை. அந்த எட்டில் ராபர்ட்டும் இல்லை, செர்சியும் இல்லை. அந்த அறைக்குள் நாவல் நுழையவே முடியாது, தொடர் கதவைத் திறந்துகொண்டு போய்விட்டது. இரண்டாவது சீசனில் ஹாரன்ஹால் கோட்டையில் ஸ்டார்க் குடும்பத்துச் சிறுமி ஆர்யா, குடும்ப எதிரி டைவின் லானிஸ்டருக்கு மது ஊற்றிக்கொடுக்கிறாள். புத்தகத்தில் அவள் அந்த வேலை பார்ப்பது ஸ்டார்க் தரப்புத் தளபதி ரூஸ் போல்டனிடம். ஆளை மாற்றியதும் எதிரியின் மகள் எதிரியின் மேஜையருகே நின்று அவன் பேச்சை ரசிக்கிற விசித்திரம் கிடைத்துவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஹார்ட்ஹோம். ஐந்தாவது நாவலில் அது ஒரு கடிதம், அவ்வளவுதான். கடலோரத்தில் சிக்கிய காட்டுமக்களை மீட்கப் போன கப்பல்களிலிருந்து வட எல்லைக் காவல் சுவருக்கு வரும் சில வரிகள்: காட்டில் பிணங்கள் நடமாடுகின்றன, தண்ணீரிலும் பிணங்கள் இருக்கின்றன என்று. படிக்கும்போது முதுகு சில்லிடும். தொடர் அதை ஒரு முழுப் போராக்கியது. கடைசியில் சுவரின் காவல்படைத் தலைவன் ஜான் படகில் விலகிப் போகிறான். கரையில் பிணப்படையின் தலைவன் நைட் கிங் இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்துகிறான். செத்துக் கிடந்தவர்கள் எழுந்து நிற்கிறார்கள். இசை கிடையாது, வசனமும் கிடையாது. கடிதத்தின் திகில் வேறு, இந்தத் திகில் வேறு. இரண்டும் அதனதன் இடத்தில் சரியாக இருக்கின்றன.

ஆக, புத்தகம் வாயை மூடிக்கொண்ட இடத்தில் தொடர் நன்றாகப் பேசியது. புத்தகம் ஒரு மனசுக்குள் உட்கார்ந்து பேசிய இடத்தில்தான் தடுமாறியது. மூன்றாவது சீசனில் ஃப்ரே குடும்பத்தார் கல்யாண விருந்தில் ராப் ஸ்டார்க்கையும் அவன் ஆட்களையும் கொன்று குவிக்கும் ரெட் வெட்டிங் இரண்டுக்கும் சாட்சி. நாவலில் அது ராப்பின் அம்மா கேட்லினின் பார்வையில் நடக்கிறது. விருந்தில் வாத்தியக்காரர்கள் காது கிழிய வாசிக்கிறார்கள், தாளம் சேரவில்லை. அவளுக்கு எரிச்சல், நமக்கும் எரிச்சல். எட்வின் ஃப்ரேயின் கையைப் பிடிக்கும்போது பட்டுச் சட்டைக்கு அடியில் இரும்பு வளையங்கள் விரலில் படுகின்றன. தொடரில் ரூஸ் போல்டன் ஒரு பார்வை பார்க்கிறார், அவள் அவர் சட்டைக் கையைத் தூக்குகிறாள், கவசம் தெரிகிறது. விரலில் பட்டது கண்ணில் பட்டது, கச்சிதமான மாற்றம். அந்த எபிசோடின் முடிவில் பெயர்கள் ஓடும்போது இசையே இல்லை என்பதும் நல்ல யோசனை.

ஆனால் ராப் அந்த விருந்துக்குப் போக நேர்ந்த காரணத்தைத் தொடர் மாற்றியது எனக்குச் செரிக்கவில்லை. நாவலில் ராப் காயம்பட்டுக் கிடக்கிறான். தம்பிகள் செத்துவிட்டதாகச் செய்தி வருகிறது. ஆறுதல் சொன்ன ஜெய்ன் என்ற பெண்ணோடு ஓர் இரவு. மறுநாள் அவள் மானத்தைக் காப்பாற்றத் தாலி கட்டிவிடுகிறான், ஃப்ரேக்களுக்குக் கொடுத்த கல்யாண வாக்கு போகிறது. அப்பாவைக் கொன்ற அதே நேர்மை மகனையும் கொல்கிறது. தொடரில் டலீசா என்ற மருத்துவப் பெண் வருகிறாள், காதல், கல்யாணம். ஒரு ஸ்டார்க்கின் பிடிவாதம் போய், ஊரில் நூறு படத்தில் பார்த்த காதலன் வந்துவிட்டான்.

ஐந்தாவது சீசனுக்குப் பிறகு நடந்ததை எல்லாரும் பேசித் தீர்த்துவிட்டார்கள். நாவல் தீர்ந்துபோய், எங்கே போய்ச் சேர வேண்டும் என்பது மட்டும் கையில் மிஞ்சியது. போகிற வழி இல்லை. அதற்கு முன்பே யங் கிரிஃப், அரியான் மார்ட்டெல், செத்தும் திரும்பி வருகிற கேட்லின் என்று பலரை வெட்டியாயிற்று. வெட்டிய கிளைகளில்தான் பிற்பாதி தொங்கிக்கொண்டிருந்தது என்பது என் சந்தேகம். 10 எபிசோடாக இருந்த சீசன் கடைசியில் 6 ஆகச் சுருங்கியதும் உதவவில்லை.

சரி, அடுத்தவர் கதைக்கு வருவோம். ஹவுஸ் ஆஃப் த டிராகனுக்கு முடிவு தெரியும், வழியும் ஓரளவு தெரியும். ஆட்களின் மனசுதான் காலி. அந்தக் காலி இடத்தை ஒரு இடத்தில் அற்புதமாக நிரப்பினார்கள்: விசெரிஸ் அரசன். புத்தகத்தில் அவர் விருந்து விரும்பும், எல்லாரையும் திருப்திப்படுத்தப் பார்க்கும் குண்டு மனிதர். தொடரில் பேடி கான்சிடைன் அவரை உடம்பு அழுகிக்கொண்டே போகும் ஒரு அப்பாவாக்கினார். முதல் சீசனின் எட்டாவது எபிசோடில், பாதி முகத்தைத் தங்க முகமூடியால் மூடிக்கொண்டு, கோலை ஊன்றி அரியணைவரை நடக்கிறார். கிரீடம் விழுகிறது. வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட தம்பி டேமன் அதை எடுத்து அண்ணன் தலையில் வைக்கிறான். என் கண்ணில் இந்தத் தொடரின் உச்சம் அதுதான். தன் விசெரிஸைவிடத் தொடரின் விசெரிஸ் மேல் என்று மார்ட்டினே ஒப்புக்கொண்டார். விசெரிஸின் இரண்டாம் மனைவி அலிசென்டையும் மகள் ரெய்னிராவையும் சிறுவயதுத் தோழிகளாக்கியதும் அப்படித்தான். புத்தகத்தில் அலிசென்ட் ஒன்பது வயது பெரியவள், வெறும் சித்தி. தோழி சித்தியாவது இன்னும் வலிக்கிறது.

பிரச்சினை வேறு இடத்தில். பாடபேதம் இருக்கும்போது ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்கத்தான் வேண்டும். இந்தத் தொடர் கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் "தெரியாமல் நடந்துவிட்டது" என்ற பாடத்தையே எடுத்துக்கொள்கிறது. புத்தகத்தில் அலிசென்டின் மகன் ஏமண்டின் ஆண்மையை விருந்தளித்தவரின் மகள் ஒருத்தி கிண்டல் செய்ய, அவன் ரெய்னிராவின் மகன் லூசெரிஸைப் புயலுக்குள் துரத்திப்போகிறான், பையன் சாகிறான். தொடரில் ஏமண்ட் பயமுறுத்தத்தான் பார்க்கிறான், அவன் டிராகன் வேகார் பேச்சைக் கேட்காமல் கடித்துவிடுகிறது. அலிசென்டின் மூத்த மகன் ஏகானை அரசனாக்குவதும் தொடரில் விசெரிஸின் மரணப்படுக்கைக் குழறலைத் தப்பாகப் புரிந்துகொண்டதால். புத்தகத்தின் அலிசென்டுக்கு அப்படி ஒரு சாக்கு தேவைப்படவில்லை, தன் மகன் அரசனாக வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை செய்தால் சோகம். திரும்பத் திரும்பச் செய்தால் உள்நாட்டுப் போரே ஏதோ பேச்சுக்கோளாறு போல ஆகிவிடுகிறது.

இரண்டாவது சீசனின் தொடக்கத்தில் பிளட், சீஸ் என்ற இரு கொலைகாரர்கள் ஏகானின் மனைவி ஹெலேனாவின் அறைக்குள் நுழைகிறார்கள். புத்தகத்தில் அவளுக்கு இரண்டு மகன்கள். எந்தப் பையன் சாக வேண்டும் என்று அவளையே சொல்ல வைக்கிறார்கள். விவரம் புரியாத சின்னவன் மேலரைச் சொல்கிறாள், அவர்கள் பெரியவனைக் கொல்கிறார்கள். உன் அம்மாதான் உன்னைச் சாகச் சொன்னாள் என்று சின்னவனிடம் சொல்லிவிட்டும் போகிறார்கள். தொடரில் மேலரே இல்லை. இரட்டைக் குழந்தைகளில் ஆண் எது என்று கேட்கிறார்கள், அவள் கை காட்டுகிறாள். பதற்றமான காட்சிதான், நன்றாகவே எடுத்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தாயின் வாயில் வைத்த விஷம் காணாமல் போயிற்று. 2024 செப்டம்பரில் மார்ட்டின் தன் வலைப்பதிவில் மேலரை நீக்கியதைக் குறை சொல்லி எழுதினார், சீக்கிரமே அந்தப் பதிவு நீக்கப்பட்டது. ஒரு குழந்தையை எடுத்துவிட்டால் பின்னால் வரும் எத்தனை சம்பவம் கலையும் என்பதுதான் அவர் கவலை. யங் கிரிஃப் விஷயத்தில் ஏற்கெனவே பட்டவர்கள் நாம்.

என்னைக் கேட்டால் கேம் ஆஃப் த்ரோன்ஸின் முதல் நான்கு சீசன்கள்தான் நல்ல தழுவல். மார்ட்டினே சீசனுக்கு ஓர் எபிசோட் எழுதிய காலமும் அதுதான். அதன் கடைசி இரண்டு சீசன்களோடு ஒப்பிட்டால் ஹவுஸ் ஆஃப் த டிராகன் தாராளமாக மேல்.

எதை முதலில் படிப்பது, எதை முதலில் பார்ப்பது என்பவர்களுக்கு: பழைய கதையில் நாவலிலிருந்து தொடங்குங்கள், குறைந்தது மூன்றாவது புத்தகம் வரை. 2000இல் வந்த அந்த மூன்றாவதுதான் இருப்பதில் சிறந்தது, தொடரின் மூன்றாவது, நான்காவது சீசன்கள் பெரும்பாலும் அதிலிருந்து வந்தவை. டிராகன் கதையில் தலைகீழாகச் செய்யுங்கள். தொடரைப் பார்த்துவிட்டு ஃபயர் அண்ட் பிளட்டை எடுத்தால், தெரிந்த முகங்களைப் பற்றி மூன்று பேர் மூன்று விதமாகப் புறம் பேசுவதைக் கேட்கலாம். அந்த மூவரில் மஷ்ரூமை முதல் இரண்டு சீசனிலும் எங்கே தேடினாலும் கிடைக்க மாட்டான்.