சிபேப் மாஸ்க்: முகத்தை வைத்து ஒரு மதிப்பீடு

காலையில் மாஸ்கைக் கழற்றியதும் மூக்குத்தண்டில் ஒரு சிவப்புப் பிறை, கன்னங்களில் பட்டை பதிந்த இரண்டு தடங்கள். மாஸ்க் வழியே அழுத்தக் காற்றைச் செலுத்தும் சிபேப் கருவியைத் தொடங்கிய முதல் வாரத்தில் பலருக்குக் கண்ணாடி காட்டுவது இதைத்தான். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் ஸ்லீப் ஆப்னியாவுக்குச் சிகிச்சை எடுத்தால் முகம் தெளிவடையும் என்று கேள்விப்பட்டு வந்தவர்கள் இதைப் பார்த்துச் சோர்ந்துபோகிறார்கள். முகம் தெளிவடைவது உண்மை. பொருந்தாத மாஸ்க் அதே முகத்தைப் புண்ணாக்குவதும் உண்மை. மூச்சுக்கு எது நல்லது என்று மருத்துவர் சொல்லிவிடுவார். எந்த மாஸ்க் முகத்தை எப்படி நடத்துகிறது என்பதை இங்கே பார்க்கிறோம்.

முதலில் சிகிச்சையின் பலன். இந்த நோயில் தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து காற்றுவழி அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை சில நொடிகள் விழித்து மூச்சை மீட்கிறது. மணிக்கு 30 முறைக்கு மேல் இப்படி நடந்தால் நோய் தீவிரம் என்று கணக்கு. சிபேப் கருவி 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் காற்றைச் செலுத்தி அந்த வழியைத் திறந்தே வைக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நோயாளிகள் 20 பேரைச் சிகிச்சைக்கு முன்பும், சில மாதங்கள் சிபேப் பயன்படுத்திய பின்பும் முப்பரிமாண முறையில் படமெடுத்து ஒப்பிட்டு, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். எது முந்தைய படம், எது பிந்தையது என்று தெரியாமல் பார்த்தவர்களில் பெரும்பாலோர், சிகிச்சைக்குப் பிந்தைய முகமே விழிப்பாகவும் இளமையாகவும் இருக்கிறது என்றார்கள். அளவெடுத்ததில் நெற்றி வீக்கம் வற்றியிருந்தது, கண்ணுக்குக் கீழும் கன்னத்திலும் சிவப்பு குறைந்திருந்தது. 20 பேர் சிறிய எண்ணிக்கைதான். ஆனால் வீட்டில் இருப்பவர்கள் ‘முகம் தெளிஞ்சிருக்கே’ என்று சொல்வது இதனோடு ஒத்துப்போகிறது.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. தூக்கமின்மையின் அடையாளம் என்று எல்லோரும் நம்பும் கருவளையத்தில் பெரிய மாற்றம் தென்படவில்லை. கன்னச் சதையும் இரட்டை நாடியும் சிபேப்பால் கரையாது. கருவியால் மட்டும் எடை குறைவதில்லை, சிலருக்குச் சற்றே கூடவும் செய்கிறது. கருவளையத்துக்காக மட்டும் இதை எதிர்பார்த்திருப்பவர் அந்த எதிர்பார்ப்பை இப்போதே விட்டுவிடுவது நல்லது.

மாற்றத்தைச் சரியாகப் பார்க்க விரும்பினால், முதல் இரவுக்கு முன் ஒரு படம் எடுத்து வையுங்கள்: அதே ஜன்னல், அதே நேரம், முகம் கழுவி அரை மணி நேரம் கழித்து. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே மாதிரி இன்னொன்று. தினமும் கண்ணாடியில் பார்ப்பவருக்கு மெதுவாக வரும் மாற்றம் தெரியாது.

இனி மாஸ்குகள், மூன்று வகை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் வகை, வாய் வழியாக மூச்சு விடுபவர்களுக்கு வேண்டியிருக்கிறது. முகத்தின் நலனைப் பார்த்தால் மூன்றில் மிகக் கடுமையானது இதுதான். மூக்குத்தண்டில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே சதை கிடையாது. முகத்தில் படியும் குஷன் அங்கே அழுந்தினால் சில இரவுகளிலேயே தோல் உரியும். ஏர்ஃபிட் எஃப்30 போன்ற, மூக்குக்கு அடியில் உட்காரும் வகைகள் இந்த ஒரு குறையை அடியோடு நீக்கிவிடுகின்றன. ஃபுல் ஃபேஸ் தேவைப்படுபவர்கள் முதலில் இதைப் போட்டுப் பார்க்கச் சொல்வோம். மெமரி ஃபோம் குஷன் கொண்ட ஏர்டச் எஃப்20 தோலுக்கு இதமானது, தடமும் குறைவு. ஆனால் ஃபோமைத் தண்ணீரில் கழுவக் கூடாது, அடிக்கடி மாற்ற வேண்டும்.

மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க் நடுத்தரம். ட்ரீம்வேர் போல, குழாய் உச்சந்தலையில் இணைந்து காற்று கன்னத்தின் இருபுறச் சட்டம் வழியே இறங்கும் வடிவம் கண்ணை மறைப்பதில்லை, புரண்டு படுக்கவும் வசதி. ஆனால் ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குச் சட்டம் கன்னத்தில் நீளமான கோடு போடும். சட்டத்துக்குத் துணியுறை போட்டால் பாதி தீரும்.

முகத்துக்கு எங்கள் முதல் தேர்வு, நாசித்துளையில் பொருந்தும் நேசல் பில்லோ. ஏர்ஃபிட் பி10 இந்த வகை. தோலைத் தொடும் பரப்பு மிகக் குறைவு; தாடி மீசை வைத்தவர்களுக்கும் காற்று கசியாமல் நன்றாகப் பொருந்தும். அழுத்தம் அதிகமானால் நாசித்துளையின் விளிம்பு எரியும், உலர்ந்து வெடிக்கும். காற்றுக்கு ஈரம் சேர்க்கும் ஹ்யூமிடிஃபையரைக் கூட்டினால் பெரும்பாலும் அடங்கும். வாய் திறந்து தூங்குபவருக்கு இது உதவாது.

எந்த மாஸ்க் வாங்கினாலும் தழும்புக்கு முக்கியக் காரணம் ஒன்றே: அதிக இறுக்கம். சிலிகான் குஷனைக் கையில் வைத்துப் பாருங்கள். வெளியே மெல்லிய சவ்வு, உள்ளே தடித்த விளிம்பு. காற்று வந்ததும் சவ்வு ஊதி முகத்தின் மேடுபள்ளத்தோடு படிந்து அடைக்கிறது. பட்டையை இறுக்கினால் சவ்வு நசுங்கி மடிகிறது, தடித்த விளிம்பு தோலில் அழுந்துகிறது, மடிப்பின் வழியே காற்று கசிகிறது. கசிகிறதே என்று இன்னும் இறுக்குகிறார்கள். புண் அப்படித்தான் வருகிறது.

அதனால் உட்கார்ந்தபடி அளவு பார்க்காதீர்கள். படுத்தால் கன்னச் சதை சரிந்து முகத்தின் வடிவமே மாறும். முகத்தைக் கழுவித் துடைத்து, க்ரீம் எதுவும் பூசாமல், வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுங்கள். இரவில் வரும் முழு அழுத்தத்தில் கருவியை ஓடவிடுங்கள். பட்டைகளைத் தளர்த்தி, மாஸ்கை முகத்திலிருந்து ஒரு விரல் அளவு முன்னே இழுத்து, குஷன் ஊதியதும் மெல்ல உட்காரவிடுங்கள். பிறகு கீழ்ப்பட்டைகளை இருபக்கமும் ஒரே அளவில், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கசிவு நிற்கும் இடத்தில் நிறுத்துங்கள். மேல்பட்டை கடைசியில்தான். பட்டைக்கடியில் ஒரு விரல் எளிதாக நுழைய வேண்டும். இருபுறமும் புரண்டு பாருங்கள். எவ்வளவு தளர்த்தினாலும் தடம் விழுகிறது, எவ்வளவு இறுக்கினாலும் கசிகிறது என்றால் குஷனின் அளவே தவறு. மாஸ்கின் முன்பக்கம் மெலிதாக ஊதும் துளைகள் கசிவல்ல, விட்ட மூச்சு வெளியேறும் வழி; அவற்றை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

தடம் ஓரிரு மணி நேரத்தில் மறைந்தால் கவலையில்லை. மதியம்வரை நின்றாலோ தோல் உரிந்தாலோ, அந்த வடிவத்தை நிறுத்திவிட்டு மூக்குத்தண்டைத் தொடாத வகைக்கு மாறுங்கள். காலையில் கண் சிவந்து உறுத்தினால் மேல்விளிம்பில் கசியும் காற்றைச் சந்தேகிக்க வேண்டும். முகத்து எண்ணெய் சிலிகானைத் தளரச் செய்யும், தளர்ந்த குஷன் கசியும். தினமும் வெதுவெதுப்பான நீரில் மிதமான சோப்பு போட்டுக் கழுவினால் போதும். வாசலின் போன்ற பெட்ரோலிய ஜெல்லியைத் தடவாதீர்கள், சிலிகான் கெடும்.

வருடக்கணக்கில் போட்டால் முகத்தின் எலும்பு மாறுமா? ஜப்பானில் குறைந்தது 2 ஆண்டு நேசல் சிபேப் பயன்படுத்தியவர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வந்தது. மேல்தாடையும் முன்பற்களும் சிறிதளவு பின்னே போயிருந்தன. தங்கள் முகமோ, மேல் கீழ்ப் பற்கள் பொருந்தும் கடியோ மாறிவிட்டதாக அவர்களில் யாரும் சொல்லவில்லை. மாஸ்குக்குப் பதிலாகக் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும் பற்கருவியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும் கடி மாறுகிறது. சில ஆண்டுகளில் மேல்முன்பல் உள்ளே சாய்ந்து கீழ்ப்பல் முன்னே வரும். இரண்டிலும் பெரியவர்கள் ஆண்டுக்கொரு முறை பல் மருத்துவரிடம் கடியைக் காட்டினால் போதும். குழந்தைகள் விஷயம் வேறு. வளரும் எலும்பின் மேல் இரவுதோறும் மாஸ்க் அழுந்தினால் முகத்தின் நடுப்பகுதி முன்னோக்கி வளர்வது குறையலாம். அவர்களுக்கு மாஸ்க் வடிவங்களை மாற்றி மாற்றிப் போடுவது பற்றி மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேளுங்கள். தாடை வளர்ச்சியையும் தவறாமல் அளக்கச் சொல்லுங்கள்.