குளிர்காலத்தின் கடைசி வாரங்களுக்கு எந்த டீ?

குளிர்காலத்துக்கென்றே வரும் வாசனை டீக்கள் குளிர் தொடங்கும்போதே கடைகளுக்கு வந்துவிடுகின்றன. பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல், ஆப்பிள், வெனிலா என்று எல்லாம் இனிப்பும் காரமும் கலந்த வாசனைகள். முதல் சில வாரங்களில் அவை தரும் சந்தோஷம் பெரிது. ஆனால் குளிர்காலத்தின் தொடக்கம் வேறு, கடைசி வேறு. தொடக்கத்தில் உடம்பு கதகதப்பைத் தேடுகிறது. கடைசி வாரங்களில் கதகதப்பே அலுத்துப்போய், வெயிலும் பச்சையும் எப்போது வரும் என்று மனசு தவிக்க ஆரம்பிக்கிறது. இந்த இரண்டு நிலைக்கும் ஒரே டீ பொருந்தாது என்பதுதான் என் கட்சி. அதனால் இங்கே ஒவ்வொரு வகையையும் அந்தக் கடைசி வாரங்களை மனதில் வைத்தே எடைபோடுகிறேன்.

முதலில் மசாலா வகை. பட்டையின் வாசனைக்குக் காரணம் சின்னமால்டிஹைடு, கிராம்புக்கு யூஜினால். இரண்டுமே அழுத்தமானவை, பாலில் அமுங்கிப் போகாதவை. கடுங்கறுப்புத் தேயிலையோடு சேரும்போது கோப்பை நிறைவாக இருக்கும். இஞ்சி இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதிலுள்ள ஜிஞ்சரால், சூட்டை உணர்வதற்கென்று நம் நரம்பில் இருக்கும் அதே உணர்வியைத் தூண்டுகிறது. மிளகாயின் காரமும் அதே வழியாகத்தான் வேலை செய்கிறது. இந்த உணர்வியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. இஞ்சியைக் காயவைத்தால் ஜிஞ்சராலின் ஒரு பகுதி ஷோகாலாக மாறும். சுக்கு போட்ட டீ பச்சை இஞ்சியைவிட உறைப்பதற்கு அதுதான் காரணம்.

குறை என்ன? அலுப்பு. கிராம்பு இருக்கும் கலவையில் பத்தாவது கோப்பையும் முதல் கோப்பையும் ஒரே மாதிரி இருக்கும், மற்ற எல்லா வாசனையையும் அது மூடிவிடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மலிவான கலவைகளில் பெரும்பாலும் இருப்பது கேசியா பட்டை. மெல்லிய சுருளாக இருக்கும் இலங்கைப் பட்டையோடு ஒப்பிட்டால் இதில் கூமரின் பல மடங்கு அதிகம். அளவு மீறித் தொடர்ந்து சாப்பிட்டால் சிலருக்கு அது ஈரலைப் பாதிக்கலாம். எப்போதாவது ஒரு கோப்பை குடிப்பவர்களுக்குப் பயமில்லை. குளிர் முழுக்க ஒரு நாளைக்கு நாலைந்து கோப்பை பட்டை டீ குடிப்பவர்கள் பட்டையின் வகையைப் பார்த்து வாங்குவது நல்லது. அதிமதுரம் சேர்ந்த மூலிகைக் கலவைகளுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. அதிமதுரம் அதிகமானால் ரத்த அழுத்தம் ஏறும். சர்க்கரை போடாமலே தித்திக்கிறதே என்று தோன்றினால் பெட்டியின் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

புதினா இதற்கு நேர் எதிர். மென்தால் குளிரை உணரும் உணர்வியைத் தூண்டுகிறது. கோப்பை கொதிக்கக் கொதிக்க இருந்தாலும் வாய் ஜில்லென்று இருப்பது அதனால்தான். மூக்கடைப்பு விலகிய மாதிரி தோன்றுவதும் அந்த உணர்வுதான், உண்மையில் அடைப்பு திறப்பதில்லை. சளி பிடித்த நாளில் அந்த உணர்வே ஒரு ஆறுதல் என்பதை மறுக்க மாட்டேன். சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு கோப்பை நன்றாக இருக்கும். ஆனால் விரல் விறைக்கும் காலை வேளையில் இன்னொரு ஜில் யாருக்கு வேண்டும்? சாக்லேட்டும் புதினாவும் சேர்ந்த கலவைகளை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. பெட்டியைத் திறக்கும்போது வரும் மணத்தில் பாதிகூடக் கோப்பையில் வருவதில்லை.

கடைசி வாரங்களுக்கு என் முதல் ஓட்டு எலுமிச்சை, ஆரஞ்சு குடும்பத்துக்கு. அதிலும் குறிப்பாக பெர்கமோட். எர்ல் கிரே என்ற பெயரில் விற்பது கறுப்புத் தேயிலையில் பெர்கமோட் தோலின் எண்ணெய் சேர்த்தது. அந்தப் பழம் பெரும்பாலும் விளைவது இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியாவில், அறுவடை குளிர்காலத்தில். உச்சிக்குளிரில் பறிக்கிற பழத்துக்குப் பூவின் மணம் இருப்பது எனக்குத் தீராத ஆச்சரியம். காரணம் இருக்கிறது: லாவெண்டரில் இருக்கும் லினலூலும் லினலைல் அசிடேட்டும் இதிலும் உண்டு. அதனால் புளிப்பு வாசனைக்குள்ளேயே பூவாசனையும் கலந்து வருகிறது. மசாலா டீயின் பலமும் இதில் இருக்கிறது, அதன் பாரம் இல்லை. சாம்பல் நிற வானத்தைப் பார்த்துக்கொண்டு குடிக்க இதைவிடப் பொருத்தமான டீ எனக்குத் தெரியாது. பால் ஊற்றினாலும் திரியாது, ஏனென்றால் சேர்ப்பது எண்ணெய், சாறு இல்லை. ஒரே கவனம்: எண்ணெய் அதிகமான மலிவான வகைகள் சோப்பு மாதிரி மணக்கும். சின்னப் பொட்டலமாக வாங்கிக் குடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய டப்பாவுக்குப் போங்கள்.

பெர்கமோட்டோடு உண்மையிலேயே மல்லுக்கு நிற்கக்கூடியது மல்லிகை டீ. இது தயாராகும் விதத்தைத் தெரிந்துகொண்டால் கோப்பையின் மேல் மரியாதை வரும். தேயிலையை வசந்தத்தில் பறித்துப் பதப்படுத்தி வைக்கிறார்கள். மல்லிகை பூப்பது கோடையில். அதுவரை இலை காத்திருக்கிறது. பகலில் மொட்டாகப் பறித்த பூவைச் சாயங்காலம் இலையோடு கலந்து வைப்பார்கள். இரவில் மொட்டு விரிய விரிய இலை அந்த மணத்தை இழுத்துக்கொள்ளும். காலையில் பூவைச் சலித்து எடுத்துவிட்டு இலையை உலர்த்துவார்கள். நல்ல வகைகளில் இதையே புதுப்பூ போட்டுப் பலமுறை செய்வார்கள். சீனாவின் ஃபூஜோ நகரின் மல்லிகை டீ மரபை ஐநாவின் உணவு வேளாண்மை நிறுவனம் 2014-இல் உலக வேளாண் பாரம்பரியங்களில் ஒன்றாகச் சேர்த்தது. ஆக, குளிர்காலத்தில் மல்லிகை டீ குடிக்கிறவர் போன வசந்தத்தின் இலையையும் போன கோடையின் பூவையும் ஒன்றாகக் குடிக்கிறார். வெயிலுக்கு ஏங்குகிறவருக்கு வேறென்ன வேண்டும்!

அப்படியானால் முதல் ஓட்டு ஏன் இதற்குப் போகவில்லை? பக்குவம். பெர்கமோட் டீயில் கொதிநீரை அப்படியே ஊற்றலாம், நாலு நிமிஷம் மறந்தாலும் பெரிய நஷ்டமில்லை. மல்லிகை பச்சைத் தேயிலையில் செய்வது. தண்ணீர் 80 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் இலையை எடுத்துவிட வேண்டும். தவறினால் கசப்பு மணத்தைத் தின்றுவிடும். அவசரக் காலைக்கு இது ஒத்துவராது. விடுமுறை நாளின் மதியத்துக்கு இதை விட்டால் வேறில்லை.

ராத்திரிக்கு வேறு கணக்கு. குடித்த காஃபீனில் பாதி உடம்பிலிருந்து நீங்கவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். ஆளுக்கு ஆள் இது மாறும். அதனால் சாயங்காலத்துக்குப் பிறகு போட்டி ரூயிபாஸுக்கும் செம்பருத்திக்கும் இடையில்தான். ரூயிபாஸ் தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் விளையும் ஒரு புதர்ச்செடி. தேயிலைக்கு உறவில்லை, காஃபீன் கிடையாது. துவர்ப்புத் தரும் டேனின் குறைவு என்பதால் எவ்வளவு நேரம் ஊறினாலும் கசக்காது. வெனிலாவோ ஆரஞ்சுத் தோலோ சேர்ந்த ரூயிபாஸில் கொஞ்சம் பால் விட்டால் இனிப்புப் பலகாரத்தின் இடத்தையே அது பிடித்துவிடும். செம்பருத்தி டீ என்பது அதே இனத்துப் புளிச்சைச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தில் செய்வது. நிறம் அள்ளும், ஆனால் நல்ல புளிப்பு, பால் விட்டால் திரிந்துவிடும். பெர்ரி டீ என்று விற்பவை பலவற்றில் நிறமும் புளிப்பும் இதனுடையதுதான். கோடையில் ஆறவைத்துக் குடிக்க இது அருமை. குளிர் ராத்திரிக்கு ரூயிபாஸ்தான்.

பைன் மரப் புகையில் உலர்த்தும் லாப்சாங் சூச்சோங் என்ற சீனக் கறுப்புத் தேயிலையை ரசிக்கிறவர்கள் உண்டு. அந்தப் புகை வாசனை ஆழமான குளிருக்கு உரியது. குளிர் விலகும் நேரத்தில் அது நம்மைப் பின்னால் இழுக்கிறது.

வாங்கி வைத்த மசாலா டப்பாக்களை என்ன செய்வது? இப்போதே குடித்து முடியுங்கள். அடுத்த குளிருக்கு என்று எடுத்து வைக்காதீர்கள். தேயிலையின் மேல் தெளித்த வாசனை எண்ணெய்கள் ஆவியாகக்கூடியவை. முழுக் கிராம்பும் பட்டைத் துண்டும் போட்ட கலவைகள் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும், தெளித்த வாசனைகள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கும். அலுத்துப்போன மசாலா டீயில் ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலைக் கிள்ளிப் போட்டுப் பாருங்கள், கிராம்பின் ஆட்டம் அடங்கி கோப்பை தெளியும். அப்புறம், எல்லாப் பொட்டலங்களையும் ஒரே டப்பாவில் அடைக்காதீர்கள். மல்லிகையின் மணத்தை இழுக்கிற அதே இலை பக்கத்திலிருக்கும் கிராம்பையும் இழுக்கும்.

வெனிலா ரூயிபாஸை மட்டும் மிச்சம் வைக்கலாம், வசந்தத்து இரவுகளுக்கும் அது ஆகும். மற்றதையெல்லாம் பிப்ரவரிக்குள் காலி செய்யப் பார்ப்பது நல்லது. குளிரில் உறங்கிக் கிடந்த டார்ஜிலிங் செடிகள் துளிர்த்து, மார்ச் வாக்கில் முதல் பறிப்பு தொடங்கிவிடும். அதற்கு எந்த வாசனையும் சேர்க்கத் தேவையில்லை, பாலும் வேண்டாம்.