லினன் விரிப்பு: மூன்று வருடம் படுத்துப் பார்த்த கதை

எனக்குத் தூக்கத்தில் நன்றாக வியர்க்கும். நடு இரவில் முதுகு நனைந்து விழித்து, தலையணையைத் திருப்பிப் போட்டு, விரிப்பில் இன்னும் சூடேறாத இடத்தைத் தேடி உருண்டுகொண்டே போகிற ஆள். லினன் விரிப்புக்கு மாறி மூன்று வருடம் ஆகிறது, திரும்பிப் போகிற எண்ணம் இல்லை. ஆனால் நடுவில் இரண்டு தடவை ஏமாந்தேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், லினன் ஒன்றும் ஏசி இல்லை. படுத்ததும் சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் அது போய்விடும். பலன் தெரிவது இரவு இரண்டு மணிக்கு. அப்போதும் வியர்க்கத்தான் செய்யும், ஆனால் துணி முதுகில் ஒட்டாது. ஆளிச் செடியின் தண்டு நாரில் இருந்து வருகிற நூல் இது, கொஞ்சம் விறைப்பானது. அதனால் உடம்போடு படியாமல் சற்றே தூக்கி நிற்கும், இடையில் காற்று ஓடும். ஈரத்தையும் நன்றாக இழுக்கும். ஜவுளிக் கணக்கில் நார் தன்னுள் வைத்திருக்கும் ஈரம் லினனுக்கு 12%, பருத்திக்கு 8.5%, பாலியஸ்டருக்கு வெறும் 0.4%.

இந்தக் கடைசி எண் எனக்கு அனுபவத்தில் தெரிந்ததுதான். முதல் முறை ஆன்லைனில் ‘லினன் ஃபீல்’ என்று போட்டிருந்ததை வாங்கினேன். பார்க்க அச்சு அசல் லினன். வந்ததைப் பிரித்து லேபிளைப் படித்தால் 100% பாலியஸ்டர். அதில் படுத்த நான்கு நாளும் பிசுபிசுப்புதான். லேபிளே இல்லாத துணி என்றால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள்: தாவர நார் காகிதம் போல எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகிவிடும். (பருத்தியா லினனா என்பதை இதில் பிரிக்க முடியாது.)

இரண்டாவது ஏமாற்றம் என் தப்புதான். கனமாக இருந்தால் தரம் என்று நினைத்து 220 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) எடுத்துவிட்டேன். அசல் லினன்தான், ஆனால் குளிர்காலத்துக்கு ஆன துணி. இப்போது இருப்பது 160. வியர்க்கிறவர்களுக்கு 150-லிருந்து 170-க்குள் போதும் என்பது என் கணக்கு, அதற்கும் கீழே போனால் சீக்கிரம் நைந்துவிடுமோ என்று பயம். த்ரெட் கவுண்ட், அதாவது ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை நூல் என்கிற எண்ணிக்கை, அதைப் பற்றி யாராவது பேசினால் காதில் வாங்காதீர்கள். லினன் நூல் தடிமனானது, எண்ணிக்கை குறைவாகத்தான் வரும், அது குறையே இல்லை. அதைவிட, துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், நெசவில் கண் கண்ணாக ஒளி வர வேண்டும்.

இவ்வளவு செய்தும் முதல் இரண்டு மாதம் எனக்குப் பெரிய வித்தியாசமே தெரியவில்லை. காசு போச்சே என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, விரிப்புக்குக் கீழே மெமரி ஃபோம் மெத்தை, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சுள்ள வாட்டர்ப்ரூஃப் உறை. லினன் ஈரத்தை இழுத்து எங்கே விடும்? கீழ்ப்பக்கம் அடைப்பு, மேலே நான். உறையை எடுத்துவிட்டுத் தடிமனான பருத்தி உறை போட்ட முதல் இரவே வித்தியாசம் தெரிந்தது. புதிய விரிப்பு வாங்க நினைக்கிறவர்கள் முதலில் மெத்தை உறையைத் தூக்கிப் பாருங்கள், ஒருவேளை செலவே மிச்சமாகலாம்.

துவைப்பதில் பெரிய வேலை இல்லை. 40 டிகிரிக்கு மேல் வேண்டாம், லேசான ஈரத்தோடு எடுத்து உதறிக் காயப்போட்டால் போதும். சாஃப்ட்னர் மட்டும் கூடவே கூடாது, நாரின் மேல் படலமாகப் படிந்து ஈரம் இழுக்கும் குணத்தையே கெடுத்துவிடும். முதல் துவைப்பில் சுருங்கும், என்னுடையது இரண்டு மீட்டர் நீளத்துக்கு எட்டு சென்டிமீட்டர் போனது. மெத்தைக்குச் சரியான அளவில் எலாஸ்டிக் வைத்ததை வாங்கி, தினமும் காலையில் ஒரு மூலை கழன்று கிடப்பதைப் பார்த்தேன். முன்பே துவைத்துப் பதப்படுத்தியது கிடைத்தால் அதையே எடுங்கள். கசங்கல் போகாது, இஸ்திரி போடுவதை நான் இரண்டாம் வாரமே விட்டுவிட்டேன்.

மூன்று வருடத்தில் சேதம் என்றால் ஒன்றுதான். எப்போதும் ஒரே மாதிரி மடித்து அலமாரியில் வைத்ததில், மடிப்புக் கோட்டில் நூல் நைந்து ஒரு விரல் அளவு கிழிந்துவிட்டது. இந்த நார் வளையும், நீளாது, திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மடித்தால் முறியும். இப்போது ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி மடிக்கிறேன், இல்லையென்றால் சுருட்டி வைக்கிறேன்.

எல்லோருக்கும் இது பிடிக்குமா என்றால், என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. பத்துப் பதினைந்து துவைப்புக்குப் பிறகு எனக்கு மெத்தென்று ஆனது அவளுக்கு இன்னும் சொரசொரதான். அவளுக்கு வியர்ப்பதும் இல்லை. அதனால் இப்போது கட்டிலில் இரண்டு தனித்தனி விரிப்பு, என் பக்கம் லினன், அவள் பக்கம் பருத்தி.