போனைக் காட்டினால் மாமரத்தின் இனம் தெரியுமா?

செடி கொடிகளைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் போன் செயலி ஒன்றுக்குச் சந்தா கட்டிப் பார்த்தேன். தேவை ஒன்றே ஒன்றுதான். யாழ்ப்பாணம் கோண்டாவிலில் நாங்கள் வாங்கிய வளவில், கிணற்றடியில் நிற்கிற மாமரம் என்ன இனம் என்று தெரியவேண்டும். வளவை விற்றவர்கள் கனடாவில், அவர்களைக் கேட்டால் "அப்பா வைச்ச மரம்" என்கிறார்கள், அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அன்ரி கறுத்தக்கொழும்பான் என்கிறா, எதிர்வீட்டு ஐயாவோ அம்பலவி என்றுதான் அடித்துச் சொல்கிறார்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலியோரம் முளைத்துக் கிடந்த பூண்டுகளை, கீழ்காய்நெல்லி, குப்பைமேனி, மூக்கிரட்டை எல்லாவற்றையும், செயலி டக்கென்று சரியாகச் சொன்னது. மாவிலையைக் காட்டினால் மாஞ்சிஃபெரா இண்டிகா என்றது. சரி, அது மாமரம் என்று சொல்ல யாழ்ப்பாணத்தில் போன் தேவையில்லை, முன்பள்ளிப் பிள்ளையே சொல்லும். என்ன இனம் என்று கேட்டால்தான் வண்டவாளம் தெரிகிறது. ஒரே காயை ஒரு பக்கம் திருப்பிக் காட்டினால் அல்போன்சா, மற்றப் பக்கம் காட்டினால் கீட். கீட் என்பது புளோரிடா மாம்பழம், பழுத்தாலும் தோல் பச்சையாகவே நிற்கும், அதனால் அது குழம்பியதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் விலாட்டு, வெள்ளைக்கொழும்பான், செம்பாட்டான் என்ற எங்கள் ஊர் மாம்பழப் பெயர்கள் ஒருதரம்கூட அதன் வாயில் வரவில்லை. எந்தப் பழத்தின் படம் இணையத்தில் குவிந்து கிடக்கிறதோ அந்தப் பெயரைத்தான் அது சொல்லும் போல. எரிச்சல் என்னவென்றால், தெரியாது என்று சொல்லாமல் பக்கத்தில் ஒரு பெரிய வீதத்தையும் போட்டு நம்பச் சொல்கிறது.

லண்டனில் இருக்கும் மச்சாளுக்கும் இதே பிரச்சினைதான், அவவுக்கு அப்பிள் மரம். ஆனால் அங்கே வழி இருக்கிறது. கோடையில் சில இலைகளைப் பறித்து அனுப்பினால் டி.என்.ஏ. பார்த்து, ஏற்கெனவே பெயர் தெரிந்த மரங்களோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள். கென்ட் பக்கத்தில் புரோக்டேல் என்ற இடத்தில் 2,000க்கு மேற்பட்ட அப்பிள் இனங்களை நட்டு வைத்திருக்கிறார்கள். அப்பிள் விதையில் முளைத்தால் தாயைப் போல வராது, அதனால் பெயருள்ள அப்பிள் எல்லாம் ஒட்டித்தான் பெருக்கப்படுகிறது, ஒரு இனத்து மரம் எல்லாவற்றுக்கும் டி.என்.ஏ. ஒன்றுதான். கொட்டையில் முளைத்த மரம் என்றால் ஒப்பிடுவதற்கு எதுவுமே இருக்காது. இதை அவ சொன்னபோது நான் பெரிதாக எடுக்கவில்லை, பிறகுதான் விளங்கியது.

கடைசியில் உரும்பிராய்ப் பக்கம் மரக்கன்று விற்கிற ஒரு வயதான ஐயாவிடம் போனேன். இந்த விமர்சனத்தில் ஐந்து நட்சத்திரம் அவருக்குத்தான். நான் போனில் காட்டிய படங்களை அவர் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. "பழுத்த பழம் கொண்டு வாரும், கொப்போடை இலையும் கொண்டு வாரும்" என்றார். கொண்டுபோனதும் இலையைக் கசக்கி மணந்தார், பழத்தின் காம்படியை விரலால் தடவினார், பிறகு கத்தியால் கன்னத்தை வெட்டிக் கொட்டையில் தும்பு எவ்வளவு என்று பார்த்தார். நான் கொண்டுபோன பழங்கள் இரண்டு விதம் என்று அவர்தான் கண்டுபிடித்தார். ஒன்று பெரிது, பழுத்தும் தோலில் பச்சை போகவில்லை, சதை கடும் மஞ்சள், தும்பு இல்லை என்றே சொல்லலாம். மற்றது சின்னது, மஞ்சளாகப் பழுத்தது, கடித்தால் பல்லிடுக்கெல்லாம் தும்பு.

"மரத்தின்ரை அடியைப் பாத்தனீரோ?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து குனிந்து பார்த்தால், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தண்டு புடைத்துப்போய் நிற்கிறது, அதற்கு மேலும் கீழும் பட்டையின் சொரசொரப்பே வேறு. ஒட்டு வைத்த இடம் அது. மேலே நிற்பது கறுத்தக்கொழும்பான். ஒட்டுக்குக் கீழே அடிமரத்திலிருந்து ஒரு கிளை வெடித்து, யாரும் வெட்டாமல் விட்டதில் அதுவும் பெரிய மரமாகிவிட்டது. அது கொட்டையில் முளைத்த நாட்டு மா, அதற்குப் பெயரே கிடையாது. இதற்கு அவர் ஒரு சதமும் வாங்கவில்லை, வெட்கத்துக்கு ஒரு தேசிக்கன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அன்ரி சொன்னது சரி என்றதும் எதிர்வீட்டு ஐயா இப்போது என்னோடு கதைப்பது குறைவு.

செயலிக்கு இரண்டு நட்சத்திரம், அதுவும் பூண்டுகளுக்காக. காசு கட்டாமல் கிடைக்கும் பகுதியே அதற்குப் போதும். மாமரத்துக்கு இனம் பார்க்கிறவர்கள் வைகாசி, ஆனி வரை பொறுத்து, நன்றாகப் பழுத்த பழத்தோடு கன்று ஒட்டுகிற யாரிடமாவது போங்கள், பிஞ்சைக் கொண்டுபோனால் ஏச்சுத்தான் கிடைக்கும். மரத்தின் எல்லாப் பக்கத்திலிருந்தும் பறியுங்கள்.

அடிமரத்துக் கிளை ஒட்டின் சத்தை உறிஞ்சும், அதை அடியோடு வெட்டு என்று ஐயா சொல்லித்தான் விட்டார். அம்மா விடமாட்டேன் என்கிறா. ஊறுகாய்க்கு அந்தப் புளிக்காய்தான் திறமாம்.