பழைய அட்லஸை வைத்துக்கொண்டு ஊர் தேடுவது: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

என்னிடம் இருப்பது கெட்டி அட்டை போட்ட, மேசையில் முழுதாக விரித்தால் வேறெதற்கும் இடம் விடாத பெரிய அட்லஸ். பழையதாகத்தான் வாங்கினேன், அச்சான வருடம் இருக்க வேண்டிய தாளே அதில் இல்லை. ஆனால் வயதைக் கண்டுபிடிக்க அந்தத் தாள் தேவையில்லை. அப்பர் வோல்ட்டா என்ற பெயர் போய் புர்கினா ஃபாசோ வந்துவிட்டது, அப்படியென்றால் 1984க்குப் பிறகு. ஏமன் இன்னும் இரண்டு நாடாக இருக்கிறது, அப்படியென்றால் 1990க்கு முன்னால். பழைய அட்லஸ் எது கையில் கிடைத்தாலும் முதலில் இந்த இரண்டு இடங்களைப் பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும்.

நான் இதை யாருக்கும் தெரியாத சின்ன ஊர்களைத் தேடத்தான் பயன்படுத்துகிறேன். அதற்கு இதைவிட நல்ல கருவி இன்றுவரை எனக்குக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. அச்சு வரைபடத்தில் ஒரு பெயர் இடம் பிடிப்பது மக்கள்தொகையால் மட்டுமல்ல, பக்கத்தில் எவ்வளவு காலி இடம் இருக்கிறது என்பதாலும்தான். ஜெர்மனியின் ரூர் பகுதியில் லட்சம் பேருக்கு மேல் வாழும் ஹெர்னேவுக்கு என் அட்லஸில் இடமே கிடைக்கவில்லை, ஏனென்றால் சுற்றிலும் எசன், டோர்ட்முண்ட் என்று பெரிய பெயர்கள் முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஆனால் ஆஸ்திரேலியப் பக்கத்தில் சிம்ப்சன் பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கும் பேர்ட்ஸ்வில்லுக்குத் தெளிவான எழுத்தில் பெயர் இருக்கிறது. அங்கே வாழ்பவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். அங்கிருந்து தெற்கே மாரீ வரை ஒரு விட்டு விட்டு வரைந்த கோடு இறங்குகிறது, 500 கிலோமீட்டருக்கும் மேல். அந்தக் காலத்தில் மாட்டு மந்தைகளை ரயில் நிலையத்துக்கு ஓட்டிப்போன தடம் அது. பேர்ட்ஸ்வில்லில் 1882இலேயே குதிரைப் பந்தயம் தொடங்கியிருக்கிறார்கள். இதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது, ஆனால் படிக்கத் தூண்டியது அந்தக் கோடுதான். ஃபோன் வரைபடத்தில் அதே இடத்தை விரலால் நகர்த்தினால் வெறும் பழுப்பு நிறம்தான் தெரியும், பெரிதாக்கிப் பெரிதாக்கிப் போனால்தான் பெயர் வரும். எங்கே பெரிதாக்க வேண்டும் என்பதே தெரியாதபோது என்ன செய்வது? அதனால்தான் நான் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் காலியான மூலைக்குப் போகிறேன்.

(காலியாகத் தெரிவதெல்லாம் காலியும் இல்லை. சோவியத் அணு ஆயுத ஆராய்ச்சி நடந்த சரோவ் நகரத்தைப் பல பத்தாண்டுகள் அந்நாட்டு வரைபடங்களில் போடவே இல்லை.)

இந்த அட்லஸின் வயதே இதன் பெரிய பலம் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். சோவியத் ஒன்றியப் பக்கத்தில் உஸ்பெகிஸ்தானை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரல் கடலின் தென்கரையில், நீலத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு சிறு வட்டம், பக்கத்தில் மொய்னாக் என்ற பெயர். பார்த்தால் சாதாரணத் துறைமுக ஊர். அதே புள்ளியை இன்றைய செயற்கைக்கோள் படத்தில் திறந்தேன்: ஊர் இருக்கிறது, கடல் இல்லை. வெளிறிய மணலும் உப்பும் வடக்கே போய்க்கொண்டே இருக்கின்றன, தண்ணீர் நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். ஊரின் விளிம்பில் துருப்பிடித்த மீன்பிடிப் படகுகள் மணலில் நிற்கின்றன. மீனை டப்பாவில் அடைக்கும் பெரிய ஆலை ஓடிய ஊர் அது. பருத்தி வயல்களுக்காக 1960களிலிருந்து ஆமு தரியா, சிர் தரியா இரண்டு ஆறுகளின் தண்ணீரையும் திருப்பியதில் உலகின் நான்காவது பெரிய ஏரி இப்படிச் சுருங்கிப்போனது. எனக்கு இது முன்பே பாடமாகத் தெரியும். ஆனால் அட்லஸில் அந்த நீலத்தின் மேல் விரலை வைத்து, அங்கே இப்போது தரைதான் என்று உணர்வது வேறு. அப்புறம் வடகரையில் உள்ள ஆரல்ஸ்க்கையும் பார்த்தேன், அங்கே கொஞ்சம் ஆறுதல். 2005இல் கோக்-ஆரல் அணை கட்டி முடித்த பிறகு வடக்குப் பகுதியில் தண்ணீர் ஏறி, ஊரை நோக்கிக் கணிசமாக நெருங்கி வந்திருக்கிறது, மீனும் திரும்பியிருக்கிறது.

இப்படி அட்லஸையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கப் பழகிவிட்டால் நிறுத்த முடியாது. கரீபியனில் மொன்செராட் தீவின் தலைநகரம் பிளிமத் என்று இதில் இருக்கிறது. சட்டப்படி இன்றும் அதுதான் தலைநகரம், ஆனால் 1995இல் வெடிக்கத் தொடங்கிய எரிமலை 1997க்குள் அதைச் சாம்பலில் புதைத்துவிட்டது, அங்கே யாரும் வாழவில்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் விட்டனூம் என்ற கல்நார்ச் சுரங்க ஊர். தூசியில் எத்தனையோ பேர் நோயுற்று இறந்தார்கள், 2007இல் ஊர் என்ற தகுதியையே அரசு எடுத்துவிட்டது. சுவீடனில் கிருனா அதற்கு நேர்மாறு: அடியில் இரும்புச் சுரங்கம் விரிய விரிய நிலம் உள்வாங்குவதால் ஊரையே நகர்த்துகிறார்கள், 2025 ஆகஸ்டில் அந்த ஊரின் மரத் தேவாலயத்தைப் பிரிக்காமல் அப்படியே வண்டியில் ஏற்றி ஐந்து கிலோமீட்டர் கொண்டுபோனார்கள்.

சரி, குறைகள். இருபக்க வரைபடங்களில் நடுவே தையலுக்குள் ஊர்கள் விழுந்துவிடுகின்றன, அழுத்தி விரித்தால் முதுகு விடும், விரிக்காவிட்டால் பெயரைப் படிக்க முடியாது. இதற்கு நான் ஒரு வழியும் காணவில்லை. அளவுகோல் பக்கத்துக்குப் பக்கம் மாறுவது இன்னும் தொல்லை, மேற்கு ஐரோப்பாவுக்குத் தாராளமாகப் பக்கங்கள் ஒதுக்கிவிட்டு ஆப்பிரிக்காவைச் சில தாள்களில் அடக்கியிருக்கிறார்கள். இது எனக்கு நிஜமாகவே வருத்தம். சஹாராவில் காலி இடம் அதிகம் என்பதால் அங்கே பரவாயில்லை, நைஜீரியா பக்கம் போனால் முக்கியமான ஊர்கள்கூட விடுபட்டிருக்கின்றன. எழுத்து பொடி, உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமல் மாலையில் உட்காரவே முடியாது.

பெயர் மாறிய ஊர்களைப் பொறுத்தவரை பெயரைத் தட்டித் தேடுவதை நான் விட்டுவிட்டேன். கிரீன்லாந்தின் கிழக்குக் கரையில், ஒவ்வொரு வருடமும் பெரும்பாலான மாதங்கள் கடல் உறைந்து கிடக்க, கோடையில் மட்டும் சரக்குக் கப்பல் வரும் ஒரு குடியிருப்பை அட்லஸ் ஸ்கோர்ஸ்பிசுண்ட் என்கிறது. இன்றைய வரைபடங்களில் அது இட்டோக்கோர்டூர்மீட். அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டு அந்த எண்களை ஃபோனில் போட்டால் நேராக ஊரிலேயே போய் நிற்கும். அதனால் பழைய அட்லஸ் வாங்க நினைப்பவர்கள் கடைசியில் உள்ள ஊர்ப்பெயர் அகரவரிசையைப் புரட்டிப் பாருங்கள். சிலவற்றில் பக்க எண்ணும் கட்ட எழுத்தும் மட்டும்தான் இருக்கும், சிலவற்றில் ஒவ்வொரு ஊருக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கொடுத்திருப்பார்கள். அட்டை கொஞ்சம் நைந்திருந்தாலும் இரண்டாவது வகையையே எடுங்கள்.