அப்பாவின் டப்பாவில் வந்த கேக்: 35 ஆண்டு அனுபவம்

அலுவலகக் கூட்டங்களில் தேநீருடன் ஆளுக்கொரு கேக் பாக்கெட் கொடுப்பார்கள். அப்பா அதைப் பிரிக்கமாட்டார். காலியாகிவிட்ட மதிய உணவு டப்பாவுக்குள் வைத்து மூடி வீட்டுக்குக் கொண்டுவருவார். சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் பையைத் திறந்துவிடுவேன். டப்பாவை ஆட்டினாலே தெரிந்துவிடும். கேக் இல்லாத நாளில் கரண்டி மட்டும் கலகலக்கும். இருக்கும் நாளில் அந்தச் சத்தம் அமுங்கி, உறை உரசும் மெல்லிய சரசரப்பு கேட்கும். "எனக்கு அங்கேயே கொடுத்தார்கள், சாப்பிட்டுவிட்டேன்" என்பார். ஆளுக்கு ஒன்றுதான் கொடுப்பார்கள் என்பது நானே வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

அப்போது எனக்கு ஏழு வயது, இப்போது 42. இடையில் பாக்கெட் கேக் சாப்பிடுவதை நான் நிறுத்தியதே இல்லை. ஸ்பாஞ்ச், கிரீம் வைத்தது, சுருட்டியது, சாக்லேட்டில் முக்கியது, பழத்துண்டு போட்டது என்று கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கியிருக்கிறேன். நல்ல பேக்கரி கேக்கின் அருமையும் எனக்குத் தெரியும். ஆனாலும் "அதெல்லாம் ஒரு கேக்கா?" என்று யாராவது கேட்டால் எனக்கு மனசு வலிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழைய கேக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் நீள்சதுரம். மஞ்சள் ஸ்பாஞ்ச், நடுவில் வெள்ளை கிரீம், அடியில் மெழுகுத்தாள். விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மெதுவாக மேலே எழும்பும். தாளை ஒரு மூலையிலிருந்து நிதானமாக உரிக்க வேண்டும். எவ்வளவு நிதானமாக உரித்தாலும் அடிப்பக்கத்துப் பழுப்புத்தோல் கொஞ்சம் தாளோடு போய்விடும். அதைப் பல்லால் வழித்துத் தின்பதுதான் எனக்கு முதல் வாய். கேக்கிலேயே அதிகம் வெந்த, சர்க்கரை லேசாகக் கருகிய பகுதி அது. மற்ற இடங்களில் வெனிலா மணம் மட்டும்தான் இருக்கும், அங்கேதான் சுவை இருந்தது. இன்றும் எந்தப் புது கேக்கை வாங்கினாலும் அடித்தாளைத்தான் முதலில் பார்க்கிறேன். தாள் இல்லாமல் பிளாஸ்டிக் தட்டில் வைத்து வருபவற்றில் இந்தப் பழுப்புத்தோல் எனக்கு வாய்த்ததில்லை.

பேக்கரியில் செய்த கிரீம் கேக்கை அப்பாவால் இப்படிக் கொண்டுவந்திருக்க முடியாது. காலை பதினொரு மணிக்குக் கையில் கிடைத்து, மூடிய டப்பாவில் ஏழு மணி நேரம் கிடந்து, நெரிசலான பஸ்ஸில் பயணம் செய்தால் பால் கிரீம் புளித்திருக்கும், மேல்பூச்சு மூடியில் அப்பியிருக்கும். மதியம் சாப்பிட்ட குழம்பின் வாசனையும் ஏறியிருக்கும். பாக்கெட் கேக்கில் அப்படி எதுவும் நடக்கவில்லை. உறையைப் பிரித்தால் வெனிலா வாசனை மட்டுமே வரும். எதை வைத்து அதைக் குறைசொல்கிறார்களோ, அந்தப் பிளாஸ்டிக் உறையும் கெடாமல் வைக்கும் சரக்குகளும்தான் ஒரு மனிதர் தன் பங்கைத் தின்னாமல் பிள்ளைக்கு எடுத்துவர வழிசெய்தன.

அது எப்படிக் கெடாமல் இருக்கிறது என்பதை வளர்ந்த பிறகு தேடிப் படித்தேன். கேக்கில் ஈரம் நிறையத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஈரத்தைச் சர்க்கரையும் கிளிசரின், சார்பிட்டால் போன்ற பொருள்களும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. நம் நாக்குக்கு ஈரமாகத் தெரிவது பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் எளிதில் எட்டுவதில்லை. அதையும் மீறி வரும் பூஞ்சையைத் தடுக்கச் சார்பிக் அமிலமோ அதன் உப்போ சேர்க்கிறார்கள். நடுவில் இருக்கும் கிரீம் பெரும்பாலும் தாவரக் கொழுப்பும் சர்க்கரையும்தான், பால் கிரீம் அல்ல. அதனால்தான் புளிப்பதில்லை. வெளியே இருக்கும் உறை காற்றையும் வாசனையையும் மறிக்கிறது. இத்தனையும் சேர்ந்துதான் அந்தச் சின்னப் பொருளைக் காப்பாற்றுகின்றன.

ஆனால் இவை ஆண்டுக்கணக்கில் கெடாது என்ற பேச்சு தவறு. அமெரிக்காவின் ட்விங்க்கி கேக்கைப் பற்றித்தான் இந்தக் கதையை அதிகம் சொல்வார்கள். அதன் ஆயுள் 26 நாளாகத்தான் இருந்தது, 2012 வாக்கில் 45 நாளாக நீட்டினார்கள். ஒருவர் 2012இல் வாங்கிவைத்த ட்விங்க்கிப் பெட்டியை எட்டு ஆண்டு கழித்துத் திறந்தார். ஒன்றில் பூஞ்சை பிடித்துச் சுருங்கி, உறை உள்ளே இழுபட்டுக் கேக்கோடு ஒட்டிப்போயிருந்தது. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் பூஞ்சை ஆய்வாளர்கள் அதையும் பூஞ்சைப் புள்ளி விழுந்த இன்னொன்றையும் வாங்கிச் சோதித்து, புள்ளி விழுந்ததில் கிளாடோஸ்போரியம் என்ற சாதாரணப் பூஞ்சை இருந்ததைக் கண்டார்கள். என் அனுபவத்திலோ பூஞ்சைக்கு முன்பே கொழுப்புதான் கெடுகிறது. தேதி தாண்டிய கேக்கை முகர்ந்தால் பழைய எண்ணெய் நாற்றம் அடிக்கும். அப்படி அடித்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ருசி பார்க்க வேண்டாம்.

வைத்துச் சாப்பிடும் விஷயத்தில் நான் பல வருடங்கள் தவறு செய்தேன். பாக்கெட் கேக்கை ஃபிரிட்ஜில் வைப்பதுதான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன். மூன்றாம் நாள் எடுத்தால் ஸ்பாஞ்ச் வறண்டு பொடியாக உதிரும். வெந்த மாவுச்சத்து குளிரக் குளிர மீண்டும் இறுகத் தொடங்குகிறது, ஃபிரிட்ஜின் குளிரில் அது இன்னும் வேகமாக நடக்கிறது. வெயில் படாத அலமாரி போதும். நிறைய வாங்கிவிட்டால் உறையோடு ஃப்ரீசரில் வைக்கலாம், அங்கே அந்த இறுக்கம் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. எடுத்த பிறகு உறையைப் பிரிக்காமல் ஒரு மணி நேரம் வெளியே வைக்க வேண்டும். கிரீம் இல்லாத வெறும் ஸ்பாஞ்சை மைக்ரோவேவில் பத்து விநாடி வைத்தால் புதிதாகச் சுட்டது போல இளகும். கிரீம் கேக்கை அதில் வைக்காதீர்கள். கிரீம் உருகி ஸ்பாஞ்சுக்குள் இறங்கிவிடும்.

சுருள் கேக் எனக்கு அவ்வளவு உவப்பில்லை. பழத்துண்டு கேக் தேநீருக்குப் பொருத்தம், அதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை.

மார்ஷ்மெல்லோ என்ற பஞ்சு போன்ற மிட்டாயை நடுவில் வைத்துச் சாக்லேட்டில் முக்கிய வகை வேறு ரகம். தொழிற்சாலையிலிருந்து வந்த புதிதில் இருப்பதைவிட, சில வாரம் கழித்துத்தான் அது நன்றாக இருக்கிறது. இரண்டு பிஸ்கட்டுகளுக்கு நடுவே இருக்கும் மார்ஷ்மெல்லோவின் ஈரம் மெல்ல மெல்லப் பிஸ்கட்டுக்குள் போய், மொறுமொறுப்பைக் கேக்கின் மென்மையாக மாற்றுகிறது. உறைக்குள்ளேயே அது பதம் பெறுகிறது. இந்த வகையில் தென்கொரியாவின் ஓரியன் நிறுவனம் 1974இல் கொண்டுவந்த சாக்கோ பை பெயர்பெற்றது. அதைப் பற்றி ஒரு செய்தி எனக்கு மறக்கவே மறக்காது. வடகொரியாவின் கேசோங் தொழிற்பேட்டையில் தென்கொரிய நிறுவனங்கள் வடகொரியத் தொழிலாளர்களை வேலைக்கு வைத்திருந்தன. அவர்கள் கையில் நேரடியாக ஊக்கத்தொகை கொடுக்க வழியில்லாததால் சாக்கோ பை கொடுத்தார்கள். பலர் அதை அங்கே தின்னவில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனார்கள், சிலர் சந்தையில் விற்றார்கள். அந்தத் தொழிற்பேட்டை 2016இல் மூடப்பட்டுவிட்டது. இதைப் படித்த அன்று எனக்கு டப்பாவின் சரசரப்புதான் காதில் கேட்டது. எத்தனை வீடுகளில் எத்தனை பிள்ளைகள் பைகளைத் துழாவியிருப்பார்கள்!

இனி என் மனக்குறை. நான் சாப்பிட்டு வளர்ந்த அந்த மஞ்சள் கேக் இன்றும் அதே பெயரில் வருகிறது, ஆனால் அதே கேக் இல்லை. கிரீம் பாதியாகிவிட்டது. குறுக்கே வெட்டினால் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளிதான் தெரிகிறது. உறையின் நீளம் மாறவில்லை, உள்ளே கேக் விரல் அகலம் குறைந்திருக்கிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. பிள்ளைகள் ஆசையோடு பிரிக்கும் பொருளில் காற்றை அடைத்து விற்பது சரியல்ல.

கிரீமின் தன்மை மாறியதை மட்டும் மனதார ஏற்கிறேன். பழைய கிரீம் கையில் கெட்டியாக இருந்து வாயில் சட்டென்று கரையும். பகுதி ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்தான் அந்தக் குணத்தைக் கொடுத்தது என்று நினைக்கிறேன். அதிலிருக்கும் டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2015இல் அந்த எண்ணெயைப் பாதுகாப்பானது என்று கருத முடியாது என அறிவித்தது. உலக சுகாதார நிறுவனம் 2018இல் எல்லா நாடுகளும் உணவிலிருந்து தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பை ஒழிக்கக் கோரியது. இன்று பல கேக்குகளில் பாமாயில் கிரீம்தான் வருகிறது, அண்ணத்தில் மெழுகு போல ஒட்டுகிறது. நாக்குக்கு இழப்புதான். ஆனால் அக்காள் மகள் அதே பாக்கெட்டைப் பிரிக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

"பழைய ருசி" என்று நான் அழுத்திச் சொல்வதற்கும் ஓர் எல்லை உண்டு. ட்விங்க்கியை 1930இல் ஜேம்ஸ் டூவர் என்பவர் உருவாக்கினார். ஸ்ட்ராபெரி பருவம் முடிந்ததும் சும்மா கிடந்த கேக் அச்சுகளைப் பயன்படுத்த அவர் வைத்தது வாழைப்பழ கிரீம். இரண்டாம் உலகப் போரில் வாழைப்பழம் கிடைக்காமல் போகவே வெனிலாவுக்கு மாற்றினார்கள். அதை உண்டு வளர்ந்தவர்களுக்கு வெனிலாதான் ஆதி ருசி. தயாரிப்பாளரான ஹோஸ்டஸ் 2012இல் மூடப்பட்டபோது ஜனங்கள் கடைகளில் முண்டியடித்து வாங்கியதும் வெனிலா ட்விங்க்கியைத்தான். மறு ஆண்டு அது திரும்பி வந்தது. வாழைப்பழ கிரீமுக்கு ஏங்கிய ஒரு பிள்ளை 1940களில் எங்கோ இருந்திருக்கும். நான் சாப்பிட்ட கேக்கும் அதற்கு முன் வேறு ஏதோ ஒன்றாக இருந்திருக்கலாம்.

வாங்குபவர்களுக்கு இரண்டு சொல்கிறேன். காலாவதித் தேதியோடு தயாரிப்புத் தேதியையும் பாருங்கள். ஸ்பாஞ்ச் வகை என்றால் புதியதாக எடுங்கள், மார்ஷ்மெல்லோ வகை என்றால் ஒரு மாதம் ஆனது நல்லது. உறையின் இரு முனைகளிலும் ஒட்டு சரியாக இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள், ஒட்டு விட்டிருந்தால் கேக் காய்ந்திருக்கும். சர்க்கரை அதிகம் என்பதால் தினசரித் தீனியாக்க வேண்டாம். அபூர்வமாகக் கிடைத்ததால்தான் எனக்கு அது இவ்வளவு இனித்தது.

போன வாரம் எங்கள் அலுவலகக் கூட்டத்தில் கேக் கொடுத்தார்கள். பிரிக்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்து அப்பாவிடம் நீட்டினேன். "எனக்கு அங்கேயே கொடுத்தார்கள்" என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உறையைத் திருப்பித் தேதியைப் படித்தார். "இன்னும் 11 நாள் இருக்கிறதே" என்றவர் எழுந்துபோய் அதை அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை பேத்தி வருகிறாளாம்.