ஆயில் ரெட் ஓ பொடி: சேலத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் பொடியாக. திசு வெட்டில் கொழுப்புத் துளிகளைச் சிவப்பாகக் காட்டும் சாயம் இது, இங்கே பார்க்கப்போவது சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியை. 100 மி.லி. ஐசோபுரோப்பனாலுக்கு 0.5 கிராம் போதும். 25 கிராம் பாட்டில் ஒன்றில் 5 லிட்டர் மூலக்கரைசல் கிடைக்கும், ஒரு விலங்கியல் துறைக்கு வருடக்கணக்கில் தாங்கும். தண்ணீர் கலந்து தயாராக விற்கும் பாட்டில் நம்ம ஊருக்கு வேண்டாம். தண்ணீர் சேர்ந்த சில மணி நேரத்திலேயே சாயம் படியத் தொடங்கிவிடும்.

பொடியை ஐசோபுரோப்பனாலில் போட்டு, வெந்நீர்த் தொட்டியில் மெல்லச் சூடாக்கிக் கரையுங்கள். தீ பக்கத்தில் இருக்கவே கூடாது. ஓரிரவு வைத்து வடிகட்டுங்கள். வேலைக்கு 30 மி.லி. மூலக்கரைசலோடு 20 மி.லி. காய்ச்சி வடித்த நீர் சேர்த்து, 10 நிமிடம் கழித்து மறுபடி வடிகட்ட வேண்டும். 15 நிமிடம் சாயம், 60 சதவீத ஐசோபுரோப்பனாலில் ஒரு அலசல், பிறகு உட்கருவை நீலமாக்கும் ஹீமடாக்சிலின். சித்திரை வெயிலில் மூடாத சாடியிலிருந்து ஐசோபுரோப்பனால் ஆவியாகி, ஸ்லைடு முழுக்கச் சிவப்பு ஊசிகள் விழும். அதைக் கொழுப்பு என்று ரெக்கார்டில் வரைந்துவிடும் மாணவர்கள் உண்டு. செல்லுக்கு வெளியிலும் சிவப்பு தெரிந்தால் அது படிவு.

வெட்டு உறைநிலை வெட்டாக இருக்க வேண்டும்: உறையவைத்து வெட்டும் கருவியான கிரையோஸ்டாட்டில் −20 டிகிரி, 8 முதல் 10 மைக்ரான் தடிமன். மெழுகுத் தொகுதி உதவாது, அதற்கான ஆல்கஹாலும் சைலீனும் துளிகளைக் கரைத்துக்கொண்டு போய்விடும். வழக்கமான அட்ரினல் ஸ்லைடில் புறணியின் (வெளிப்பகுதியின்) நடு அடுக்குச் செல்கள் நுரைநுரையாக, வெற்றிடங்களோடு தெரிவதும் இதனால்தான். கடைசியில் கவர்ஸ்லிப்பை ஒட்ட, சைலீன் கலந்த டிபிஎக்ஸ் பசை போட்டாலும் அதே கதி. கிளிசரின் ஜெல்லிதான், அதிலும் கவர்ஸ்லிப்பை அழுத்தினால் துளிகள் இடம் மாறிவிடும்.

சிவப்பு ஏறவில்லை என்று சாயத்தின் மேல் வரும் புகார்கள் பலவற்றுக்குச் சாயம் காரணமே இல்லை. அட்ரினல் புறணியில் இருப்பதுபோல ஸ்டீராய்டு ஹார்மோன் செய்யும் செல், ஹார்மோனைச் சேமித்து வைப்பதில்லை, அதற்கான கச்சாப்பொருளைத்தான் சேமிக்கிறது. ரத்தத்தில் கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல், எச்டிஎல் துகள்களிலிருந்து எடுத்த கொலஸ்ட்ராலும், செல் தானே செய்துகொண்டதும், ஏகேட் என்ற நொதியால் கொழுப்பு அமிலம் சேர்ந்த எஸ்டராக மாறித் துளியில் போய்ச் சேரும். பிட்யூட்டரியிலிருந்து புறணியைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோன் வந்ததும் ஹார்மோன்சென்சிடிவ் லைபேஸ் என்ற நொதி எஸ்டரை உடைக்கும். விடுபட்ட கொலஸ்ட்ராலை ஸ்டார் புரதம் மைட்டோகாண்ட்ரியாவின் உள்சவ்வுக்குக் கடத்தும், அங்கே அது ஸ்டீராய்டு ஹார்மோன்களுக்கு முதல் படியான பிரெக்னெனலோன் ஆகும்.

ஆகவே அறுப்புக்கு முன் வெகுநேரம் மிரண்டு, ஏசிடிஎச் ஏறி நின்ற விலங்கின் புறணியில் துளிகள் குறைந்திருந்தால் அது எதிர்பார்க்க வேண்டியதே. இன்னொன்று, ஆட்டுத்தொட்டியில் சுலபமாகக் கிடைப்பது ஆட்டு அட்ரினல். ஆடு, மாடு போன்ற அசைபோடும் விலங்குகளின் புறணியில் எலியில் இருக்கும் அளவுக்குத் துளிகள் இருக்காது. எலி அட்ரினல் வேண்டுமானால் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி முதலில். சாயம் வேலை செய்கிறதா என்று பார்க்க, சுரப்பியைச் சுற்றியுள்ள கொழுப்புத் திசுவைக் கொஞ்சம் ஒட்டியபடியே வெட்டுங்கள். அது சிவந்து, புறணி வெளிறியிருந்தால் சாயத்தில் குறையில்லை.

இந்தப் பொடியின் உண்மையான குறை வேறு. இது கொழுப்போடு வினைபுரிந்து ஒட்டுவதில்லை, கரைசலை விட்டு எண்ணெய்க்குள் போய்க் கரைகிறது, அவ்வளவே. அதனால் கொலஸ்ட்ரால் எஸ்டரையும் சாதாரணக் கொழுப்பான ட்ரைகிளிசரைடையும் பிரித்துச் சொல்லாது. எஸ்டரைத் தனியாகக் காட்ட, சாயம் ஏற்றாத வெட்டை இரண்டு போலராய்டு தாள்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள், எஸ்டர் துளிகள் சிலுவை வடிவில் மின்னும். சவ்விலிருக்கும் தனிக் கொலஸ்ட்ரால் இரண்டு வழியிலும் சிக்காது. அதற்குக் கொலஸ்ட்ராலோடு ஒட்டி ஒளிரும் ஃபிலிப்பின் வேண்டும். புற ஊதா ஒளியில் சீக்கிரம் மங்கிவிடும் சரக்கு அது, ஃப்ளோரசன்ஸ் நுண்ணோக்கி இல்லாத துறை வாங்கினால் பணம் தண்டம்.